எல்லா மடையும் திறந்திருக்கட்டும்

இந்த ரகத்து மனிதரைப் பார்க்க நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மாஞ்சோலைக் காட்டுக்குள் ஏற வேண்டியதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனால் போதும். இரவு புறப்படும் சென்னை வண்டிக்கு மாலை நாலு மணிக்கே வந்து, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், பையில் அதற்கு ஒரு துணைப் பாட்டில், சட்டைப் பையில் டிக்கெட், மனைவியின் கைப்பையில் அதன் நகல், செல்போனில் இரண்டின் புகைப்படம், எல்லாம் சரியாக இருந்தும் முகத்தில் மட்டும் ஏதோ ஒன்று குறைகிற பாவனையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதற்கு இவ்வளவு என்று கேளுங்கள்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்பார்.

குயிலைக் கூவலை வைத்து அடையாளம் காண்கிறோம் அல்லவா, இவரை இந்த இரண்டு சொல்லை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இந்த ரகத்துக்குச் சாதி, மதம், படிப்பு, வயது எதுவும் தடையில்லை. இருநூறு பேரைக் கூப்பிட்டுவிட்டு முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கச் சொல்கிறவர். பூட்டிய கதவைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர். வானம் வெளுத்துக் கிடக்கிற சித்திரை மாதத்தில் குடையோடு பல் மருத்துவரிடம் போகிறவர். எல்லாரும் ஒரே குடும்பம். இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவன் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டான். இவர்கள் கிளம்புவார்கள். வீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

இவர்களில் தேர்ந்த ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் மேலப்பாளையத்துத் தாஜ் முகம்மதுவைத்தான் பார்க்க வேண்டும். வயது நாற்பதைத் தாண்டியவர். கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தின் கிளையில் மூத்த பொறியாளர். அங்கே செய்வது கணினிதான். ஆனால் மேசைமேல் உட்கார்ந்திருக்கிற கணினி அல்ல. மின்சார மீட்டருக்குள்ளும் தராசுக்குள்ளும் ஒளிந்துகொண்டு வேலை பார்க்கிற, உள்ளங்கையில் பாதி அகலம்கூட இல்லாத சர்க்யூட் அட்டை.

அந்த அட்டையில் இருக்கிற பிராசசர் பெரிய புத்திசாலி. ஆனால் கண் விழிக்கும்போது தனக்குக் கை எது, கால் எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒரு விவரக் கோப்பு எழுதி வைப்பார்கள். டிவைஸ் ட்ரீ என்று அதற்குப் பெயர். உன் ரேடியோ இங்கே இருக்கிறது, உன் விளக்கு இங்கே, உனக்கும் இவற்றுக்கும் மின்சாரம் அளந்து விடுகிற ரெகுலேட்டர்கள் இவை இவை என்று அதில் விலாவாரியாகச் சொல்லியிருக்கும். ரெகுலேட்டர் என்றால் பயப்பட வேண்டாம். தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை வழியாகப் போகிறதே, அந்த மடைதான். பேட்டரி என்பது அணை. ஒவ்வொரு மடைக்கும் இரண்டு எண் எழுத வேண்டும்: குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு. சும்மா இருக்கும்போது பிராசசர் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும், ஓடும்போது கூட வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்த வயலுக்கு மடையை அடைத்துவிடலாம். அடைக்கவே கூடாது என்றால் மட்டும் பக்கத்தில் ஒரு சொல் சேர்க்க வேண்டும்: 'எப்போதும் திறந்திரு'.

தாஜ் முகம்மது எல்லா மடைக்கும் அதைச் சேர்த்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. சென்னையில் வேலை பார்த்த காலத்தில், அவர் முதன்முதலாக எழுப்பிய அட்டை, வாங்க வந்தவர்கள் முன்னால் கண் விழித்து, பெயரைச் சொல்லி, எல்லாரும் கை தட்டி முடிப்பதற்குள் செத்துப்போயிற்று. பிராசசருக்குள் ஓடுகிற இயங்குதளத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. விழித்து அரை நிமிடம் ஆனதும், சிக்கனக்காரியான மாமியார் மாதிரி வீட்டை ஒரு சுற்று சுற்றி வரும். 'இது எனக்கு வேண்டும்' என்று யாரும் சொல்லி வைக்காத மடையையெல்லாம் அடைத்துவிடும். அன்று பிராசசருக்கே சோறு போடுகிற மடையை யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. அதையும் அடைத்தது. அடைக்கச் சொன்னதே அந்தப் பிராசசர்தான். தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு செத்த புத்திசாலியை அன்றைக்குத்தான் அவர் முதலில் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எழுதிய கோப்பு எதிலும் அடைபடுகிற மடை என்று ஒன்று இருந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். யாரும் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றும். அவருடைய மனைவி ஃபர்ஹத் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மின்விசிறியை அணைத்துக்கொண்டே பின்னால் போவார். இருபது வருடத் தாம்பத்தியம் இப்படி ஒருவர் போட, ஒருவர் அணைக்க, சமச்சீராகவே நடந்தது.

இந்தச் சமயத்தில்தான் படகுப் பெட்டி வந்தது.

கடலிலேயே மூன்று நாள் தங்கி மீன் பிடிக்கிற படகுகளுக்கு ஒரு சிறு பெட்டி. படகு எங்கே இருக்கிறது என்று அது செயற்கைக்கோள் வழியாக அவ்வப்போது சொல்லும். கரையில் இருக்கிறவர்களின் செல்போனில் ஒரு புள்ளியாகத் தெரியும். கூடங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் படகுச் சங்கத்தார் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார்கள். கிளையின் தலைவர் செந்தில்முருகன், பேசுவதைவிட மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதில் அதிக நேரம் செலவழிப்பவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார்: பெட்டி தேறினால் கிளை இருக்கும், தேறாவிட்டால் எல்லாரும் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டியதுதான்.

தாஜ் முகம்மது சென்னையில் ஒன்பது வருடம் இருந்து தப்பித்து வந்தவர். ஃபர்ஹத் இந்த முறை உடன் வரப்போவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்க போங்க மச்சான். போகும்போது ஃபேன அணச்சிட்டுப் போங்க."

ஆகவே இந்தப் பெட்டி தவறக்கூடாது. தவறக்கூடாது என்றால் நம்மவர் என்ன செய்வார்? பிராசசரின் குறைந்தபட்ச எண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் அதிகபட்சத்தின் மடியில் உட்கார வைத்தார். இருக்கிற மடைக்கெல்லாம் 'எப்போதும் திறந்திரு' போட்டார். ஒன்றுமே மாட்டாமல் காலியாகக் கிடந்த மடைக்கும் போட்டார்.

அவரோடு வேலை பார்க்கிற ஃபெமினா அந்தக் கடற்கரை ஊர்ப் பெண். சோதனைக்குப் படகு தருகிற பவுல்ராஜ் அவளுக்குச் சித்தப்பா. அவளுக்குக் கோப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"அண்ணே, இந்தக் கடைசி ரெண்டுலயும் ஒண்ணுமே மாட்டலயே. அதுக்கும் எதுக்குத் தொறந்து போடுதீங்க?"

"நாளைக்கு மாட்டுவோம்லா."

"யாரு மாட்டுவா, நடுக்கடல்ல?"

"எதுக்கும் இருக்கட்டும் பிள்ள."

"பிராசசர் தூங்கும்போதும் ஓடுத சாப்பாட்டத் திங்குது."

"குறைச்சுப் போட்டா மயங்கி விழுவான். கூடப் போட்டா ஏப்பம்தான் விடுவான். விடட்டுமே."

பேட்டரி தாங்காது என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அவர் சோதனையைக் காட்டினார். பெட்டி அவருடைய மேசைமேல் ஒரு வாரமாக இமைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. செந்தில்முருகன் வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார், திருப்தியோடு போனார். அவர் பார்க்காத ஒன்றைக் பெட்டியைக் கடலுக்கு அனுப்புகிற அவசரத்தில் ஃபெமினாவும் பார்க்கவில்லை. சோதனையின் நடுவே பேட்டரி தீர்ந்து ஒரு வாரத்து உழைப்பு வீணாகிவிடக்கூடாதே என்று, அந்தப் பெட்டியைச் சார்ஜரில் மாட்டியே வைத்திருந்தார் தாஜ் முகம்மது. பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று சோதிப்பதற்கு இதைவிடப் பத்திரமான வழி இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

பெட்டி படகேறியது. பவுல்ராஜ் அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தார். கரையில் அவருடைய மனைவி தெரசாவின் செல்போனில் பச்சைப் புள்ளி ஒன்று தெற்கே நகர்ந்தது. தெரசா அதைத் தெரு முழுக்கக் காட்டினார். ரொட்டி வாங்கப் போன இடத்தில் காட்டினார். பூசைக்குப் போன இடத்தில் காட்டினார்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புள்ளி நின்றுவிட்டது.

முதலில் தெரசா போனைத் தட்டினார். பிறகு போனை அணைத்துப் போட்டார். பிறகு அவர் வீட்டு வாசலில் பெண்கள் கூடினார்கள். புள்ளி நின்ற இடத்தில் ஆழம் எவ்வளவு என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி அவளை அதட்ட, யாரோ பங்குச் சாமியாரைக் கூப்பிட ஓடினார்கள். கங்கைகொண்டானில் ஃபெமினாவின் போன் அடித்தது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அவள் அதைத் தாஜ் முகம்மதுவிடம் நீட்டினாள்.

படகுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெட்டிதான் நின்றிருக்கும் என்று அவர் விளக்கினார். பெட்டி ஏன் நிற்கும் என்று தெரசா கேட்டார். தவறவே கூடாதேன்னுதான், எதுக்கும்… என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவை அந்தச் சொல்லை முடிக்க முடியவில்லை.

"தம்பி," என்றார் தெரசா, சத்தம் போடாமல். "முப்பது வருசமா புள்ளி இல்லாமத்தான் தூங்குதேன். மூணாம் நாள் படகு வரும்னு இருப்பேன். இப்ப புள்ளியக் குடுத்து, அதப் பாக்கப் பழக்கி, ஒரே நாள்ல புடுங்கிட்டீங்களே."

சாயங்காலம் வேறொரு படகுக்காரர் வயர்லெஸ்ஸில் பவுல்ராஜோடு பேசி, அவர் நலம்தான் என்று ஊருக்குச் செய்தி வரும் வரைக்கும் தாஜ் முகம்மது தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேசையில் இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

பவுல்ராஜ் மூன்றாம் நாள் நிறைய மீனோடு வந்து இறங்கினார். பெட்டியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம். "நல்ல பெட்டி. முத நாள் ராத்திரி பூரா இட்லிச் சட்டி மாதிரி கதகதன்னு இருந்துச்சி. ஈரத் துண்ட அதுமேலதான் காயப் போட்டேன். ரெண்டாம் நாளு ஆறிப்போச்சி, பிறவு எதுக்கு ஆகும்?"

செந்தில்முருகன் அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை. "பாய், சென்னையில இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டு வாங்கியிருக்கேன். அதுக்கு மேல என்னால தடுக்க முடியாது. சார்ஜர்ல வச்சா வே சோதிச்சீரு?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

மனிதன் திருந்துவான் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். திருந்துகிற 'எதுக்கும் இருக்கட்டும்' ஆசாமியைப்போல ஆபத்தானவர் உலகத்தில் கிடையாது. ஒரு பழக்கத்தை விட்டால் அதையும் எதுக்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே விடுவார். தாஜ் முகம்மது மறுநாள் காலை கோப்பைத் திறந்து, 'எப்போதும் திறந்திரு' என்று எழுதிய இடத்தையெல்லாம், தலையில் பேன் பார்க்கிற கவனத்தோடு, ஒன்றுவிடாமல் எடுத்தார். குறைந்தபட்ச எண்ணைப் பிராசசர் தயாரித்தவர்கள் சொன்ன இடத்துக்கே இறக்கினார். அலுவலகத்தில் வெறும் அறையில் ஓடிய மின்விசிறியை அவரே எழுந்து போய் அணைத்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

செந்தில்முருகனையும் ஃபெமினாவையும் கூப்பிட்டு, பெட்டியைச் சார்ஜர் இல்லாமல் மேசை நடுவில் வைத்து முடுக்கினார். பெட்டி விழித்தது. பெயர் சொன்னது. செந்தில்முருகன் பாராட்ட வாயெடுத்தார்.

பெட்டி செத்தது.

தாஜ் முகம்மதுவின் முகத்தில் வருடக்கணக்கில் பின்னோக்கி ஓடிய ஒரு வண்டி சென்னையில் போய் நின்றது. அதே அரை நிமிடம். அதே மாமியார். யாரும் சொல்லி வைக்காத அதே மடை. எந்த ஒரு மடைக்குப் பயந்து எல்லா மடையையும் திறந்து வைத்தாரோ, எல்லாவற்றையும் அடைக்கிற வேகத்தில் அந்த ஒன்றையும் அடைத்திருந்தார்.

ஃபெமினா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். மற்றதையெல்லாம் அவர் எடுத்தபடியே விட்டாள். பிராசசரின் மடைக்கு நேரே மட்டும் அந்தச் சொல்லைத் திரும்பப் போட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா இந்த ஒண்ணுக்குத்தான் சொல்லணும். மூச்சுக்கு மட்டும்."

"ரேடியோவுக்கு?"

"அது பேசும்போது தொறந்துக்கிடும். பேசி முடிச்சா அடைச்சிக்கிடும். அத 'எனக்கு வேணும்'னு சொல்ல உள்ள ஆளு இருக்கு."

"அது தொறக்க மறந்துட்டா?"

அவள் கோப்பைச் சேமித்து, பெட்டியை மறுபடி முடுக்கினாள். அவர் சார்ஜரைக் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார், மாட்டாமல். சோதனை ஓடிய மூன்று நாளும் அவர் பட்ட பாட்டைச் சிகரெட்டை விட்டவர்கள்தான் புரிந்துகொள்ள முடியும். பெட்டி தாங்கியது. தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. சில்லென்று இருந்ததும் அவருக்குக் கவலையாக இருந்தது.

இரண்டாம் தடவை பெட்டி கடலுக்குப் போனபோது தெரசா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். புள்ளியை அவர் பார்க்கப் போவதில்லை என்று ஊருக்கே சொன்னார். சொல்லிவிட்டுக் காய் நறுக்கும்போது ஒரு தரம், மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஒரு தரம் நிமிர்த்திப் பார்த்தார். புள்ளி நகர்ந்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் அதே பெண்கள், கூப்பிடாமலே வந்து, வேறு ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். புள்ளி நகர்ந்தது. கங்கைகொண்டானில் தாஜ் முகம்மது செல்போன் திரையை அணையவிடாமல் விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய போனில் சார்ஜ் தீர்ந்தது. பெட்டியில் தீரவில்லை.

மூன்றாம் நாள் காலை அவரும் ஃபெமினாவும் செந்தில்முருகனும் கடற்கரையில் நின்றார்கள். பவுல்ராஜின் படகு கண்ணுக்கெதிரே, முன்முனையான அணியத்தில் நிற்கிற ஆளின் சட்டை நிறம் தெரிகிற தூரத்தில் வந்துகொண்டிருந்தது. தெரசா குனிந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டாரு," என்றார், புள்ளியைப் பார்த்து.

சங்கத்தார் பெட்டியை எல்லாப் படகுக்கும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். சென்னைப் பேச்சு அத்தோடு நின்றது. செந்தில்முருகன் கடல் காற்றில் உப்புப் படிந்த கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். பவுல்ராஜுக்கு மட்டும் ஒரு குறை. அவர் தாஜ் முகம்மதுவைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பழைய பெட்டி சும்மாதானே கிடக்கிறது, அதையும் கொடுத்தால் என்ன என்று கேட்டார். "இதுல துண்டு காய மாட்டேங்குதுலா."

தாஜ் முகம்மது வீட்டுக்குப் போய்க் கதையைச் சொன்னபோது ஃபர்ஹத் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். போகிறபோது மின்விசிறியை அணைக்கவில்லை. அவராக எழுந்து அணைக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். தாஜ் முகம்மது எழுந்து அணைத்தார். திரும்பி வந்து, இருட்டில் விழுந்துவிடக்கூடாதே என்று, அந்த அறையின் விளக்கைப் போட்டுவைத்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் உங்களுக்கு நிம்மதி. முடியவில்லை.

எல்லாப் படகுக்கும் பெட்டி செய்வதற்கு முன் கோப்பை ஒருமுறை படித்துப் பார்த்தார் தாஜ் முகம்மது. பிராசசருக்கு நேரே 'எப்போதும் திறந்திரு' இருந்தது. இருக்க வேண்டியதுதான். கண் கீழே இறங்கியது. பெட்டியின் மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. அட்டை செய்தவர்கள் போட்டது, யாருக்கும் அதனால் ஒரு வேலையும் கிடையாது. அதற்கு நேரேயும் அதே சொல் இருந்தது. அவர் அதைப் போடவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் எடுத்தவர்.

ஃபெமினாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அது ஒரு சொட்டுதான் குடிக்கும் அண்ணே. நான் கணக்குப் போட்டுட்டேன். சித்தப்பா ராத்திரி முழிச்சா பெட்டி உசிரோட இருக்கான்னு பாப்பாருலா. அதான், எதுக்கும்…"

நிறுத்திக்கொண்டாள்.

தாஜ் முகம்மது தன் பையைத் திறந்து, இரண்டாவது தண்ணீர் பாட்டிலை எடுத்து, அவளுடைய மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இதைப் படித்து இவ்வளவு நேரம் சிரித்த நீங்கள் வேறு ரகம்தான், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டு இழுப்பறையில், செத்துப்போன செல்போன்களுடைய சார்ஜர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படுத்திருக்காது. எந்தப் பூட்டுடையது என்று தெரியாத சாவி ஒன்று ஆணியில் தொங்காது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று இந்த வரியைப் படிக்கும்போது உங்களுக்குத் தோன்றவில்லை. நல்லது. அப்படியானால் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். அதோ, சுவரோரம் உங்கள் போன் சார்ஜில் கிடக்கிறது. நிறைந்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. எழுந்து போய்க் கழற்றிவிடுங்கள்.

என்ன, யோசிக்கிறீர்கள்?

சரி, இருக்கட்டும்.